டூரெட் உள்ளவன் எந்த வாங்கில் இருப்பது? (வன்னிக் கோயில்களும் என் சத்தமும்)

பாலைமரநிழல்:

வணக்கம் உறவுகளே. மூன்று வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வந்து போகிறவன் நான். போன கிழமை வேறொரு இழையில் ஒருவர், பூசை நேரத்தில் சத்தம் போடும் பிள்ளைகளைத் தாய்மார் வெளியே கொண்டு போக வேண்டும், அது அடிப்படை மரியாதை என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு விருப்பு போட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எழுதத் தொடங்கித்தான் இது இவ்வளவு நீண்டுவிட்டது.

எனக்கு 28 வயது. சத்தம் போடுகிற பிள்ளை இன்னும் நான்தான்.

டூரெட் என்பது நரம்பு சம்பந்தமான ஒரு நிலை. எனக்குக் கண் வெட்டும், தலை இடப்பக்கம் இழுபடும், தோள் குலுங்கும். "ஹப்" என்று நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். அப்புறம், மற்றவர் சொல்லி முடித்த கடைசிச் சொல்லை என் வாய் திருப்பிச் சொல்லும். டாக்டர்மார் இதை டிக் என்பார்கள். எங்கள் வீட்டில் "வெட்டு". "இண்டைக்கு வெட்டுக் கூட" என்று அம்மா சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அடக்க முடியாதா என்று கேட்பீர்கள். கொஞ்ச நேரம் முடியும். நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல் நீங்கள் எவ்வளவு நேரம் இருப்பீர்களோ, அவ்வளவு நேரம்.

2004 பொங்கல் கழிந்த கையோடு, ஏழு வயதில், கண் வெட்டத் தொடங்கியது. அந்த வருடம் மார்கழியில் சுனாமி. நாங்கள் அப்போது முல்லைத்தீவுக் கரையில் இருந்தோம். பிள்ளை கடலைக் கண்டு பயந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. கண் வெட்டு கடலுக்கு முந்தியே வந்ததை ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. 2009 இல் ஷெல் பயம் என்றார்கள். முகாமுக்குப் போன பிறகு செய்வினை என்றார்கள். எங்கள் மண்ணில் காரணத்துக்கா பஞ்சம்?

கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் இருந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. வெட்டு உச்சத்தில் நின்ற வயது. ஷெல் விழுகிற நேரம் என் சத்தம் யாருக்கும் பொருட்டில்லை. இரவில் எல்லாம் அடங்கி, பங்கருக்குள் பதினாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் "ஹப்" வரும். அம்மா சேலைத் தலைப்பை என் வாயில் வைத்து அழுத்துவார். "இவனை வேற பங்கருக்குக் கொண்டு போ" என்று ஒரு மாமா சொன்னார். அவர் பிறகு இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அமைதியான இடம் என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

பூசையில் எழுந்தேற்ற நேரத்தை, பாதர் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தை, நினைத்துப் பாருங்கள். மணி அடிக்கும், எல்லோரும் தலை குனிவார்கள், ஒரு குருவிச் சத்தம்கூட இருக்காது. எனக்கு அந்தப் பங்கர்தான். 2012 இல் நான் பீடப்பணியாளன், மணி என் கையில். மணியை வைத்தேன். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சாதாரணமாக வரவில்லை, கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு மூப்பர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியில் சொன்னார்: "குணமாகுமட்டும் தம்பி விறாந்தையில நிண்டு பூசை காணட்டாம்." இரண்டு வருடம் விறாந்தையில் நின்றேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. விறாந்தை மட்டும்தான். பூசை முடிந்து வருகிற சனம் செருப்புப் போடும்போது என்னைப் பார்க்காமல் போடப் பழகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா என்னை வேறொரு சபைக்குக் கூட்டிக்கொண்டு போனதும், 2016 இல் ஒரு டாக்டர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "இதுக்குப் பேர் இருக்கு தம்பி" என்று சொன்னதும் தனிக்கதைகள். இப்போது நான் போகிற இடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்த இழை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய சின்னக் கோயில் அது. தகரக் கூரை, அரைச் சுவர். பாதர் இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை வருவார். முதல் நாள் நான் உள்ளே போகவில்லை. வெளியே பாலை மரத்தடியில் நின்றேன். விறாந்தைப் பழக்கம். ஒரு ஆச்சி வெளியே வந்தார்.

"வெயிலுக்க நிண்டு என்ன செய்யிறாய்? உள்ளுக்கு வா."

"எனக்குச் சத்தம் வரும் ஆச்சி."

"எனக்கு இந்தக் காது கேக்காது, ஷெல் விழுந்ததோட போயிட்டுது. இந்தப் பக்கம் இரு."

அவ்வளவுதான். ஆச்சியின் வாங்கு முன்னாலிருந்து இரண்டாவது. அவருடைய கேட்காத காதுப் பக்கம் எனக்கு இடம். ஆறு வருடமாக அதுதான் என் இடம்.

இன்னும் எழுத இருக்கிறது. கடையில் ஆள் வந்துவிட்டது. பிறகு வருகிறேன்.

மல்லாவி_அம்மா:

தம்பி, அழுதுகொண்டு வாசித்தேன். என் மகனுக்கு ஒன்பது வயது. கண் வெட்டும், மூக்கை உறிஞ்சுவான், இப்போது இரண்டு மாதமாகத் தொண்டையைச் செருமுகிறான். கண் டாக்டரிடம் காட்டினோம், பீனிசம் என்று மருந்து எடுத்தோம், பூச்சி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. போன மாதம்தான் கிளினிக்கில் டிக் என்ற சொல்லையே முதன்முதலில் கேட்டேன்.

அவனுக்கு இந்த வருடம் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் செருமிக் காட்டுகிறார்களாம். சிஸ்டர் நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் அடங்கிய பிறகு அடுத்த வருடம் கொடுப்போமா என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது? இவன் வேறு இரவில் படுக்கப் போகும்போது, "அம்மா, நான் செருமுறது பாவமா, அதையும் பாவசங்கீர்த்தனத்தில சொல்லோணுமா" என்று கேட்கிறான்.

சீயோன்_சாட்சி:

சகோதரருக்கு ஸ்தோத்திரம். மனம் நோகச் சொல்லவில்லை. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிறு வயது முதல் துன்பப்பட்ட ஒரு மகனைத் தகப்பன் கொண்டு வருகிறான். இயேசு அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கவில்லை, ஆவியை அதட்டினார். பரிசுத்தமான நேரத்தில், அதுவும் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் கெட்ட வார்த்தை வருகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று நீங்களே யோசியுங்கள். நரம்புக்கு நேரம் தெரியுமா? எங்கள் சபைக்கு வாருங்கள், உபவாசத்தோடு ஜெபிப்போம். விடுதலை உண்டு.

பாலைமரநிழல்:

சீயோன் அண்ணா, உங்கள் சபை எதுவென்று எனக்குத் தெரியாது. எனக்கு நடந்தது வேறு இடத்தில், அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்று நாள் உபவாசம், எனக்கும் சேர்த்து. மூன்றாம் நாள் இரவு நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்டர் என் தலையில் கை வைத்து "வெளியே போ!" என்று கத்தினார். எனக்குக் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்கிற வெட்டு இருக்கிறது என்றேனே. "போ!" என்றேன். அவர் "நீ போ!" என்றார். நானும் "போ!" ஆவி எதிர்த்துப் பேசுகிறது என்று சனம் கைதட்டி ஜெபிக்கத் தொடங்கியது. இப்படி எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்கு யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பசி, பயம், கழுத்து நோ. பயம் கூடினால் வெட்டுக் கூடும். வெட்டுக் கூடினால் அவர்கள் குரல் கூடும்.

அடுத்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் பல்லைக் கடித்து அடக்கினேன். குணமாகிவிட்டான் என்று மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். அன்றிரவு வீட்டில், அடக்கி வைத்தது முழுக்க வட்டியோடு வந்தது. பிறகு அவர்கள் சொன்னது: "தம்பிக்கு விசுவாசம் காணாது." விறாந்தையில் நின்றபோது எனக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்தார்கள். இங்கே அந்த வருத்தம் என் குற்றமாகவும் ஆகிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை.

நரம்புக்கு நேரம் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் அண்ணா! அதுதான் இதில் உள்ள கொடுமை. "இந்த இடத்தில் வரவே கூடாது" என்று மனம் எந்த இடத்தில் நினைக்கிறதோ, அந்த இடத்தில்தான் வரும்.

வெள்ளைச்சட்டை:

மருத்துவத் துறையில் இருக்கிறேன், எங்கே என்று கேட்க வேண்டாம். மல்லாவி அக்காவுக்காகச் சில விஷயங்கள்.

இந்த நிலைக்குப் பெயர் வந்தது கில் டி லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவரால். 1885 இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். 18 வயதுக்கு முன் தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட உடல் அசைவுகளும் குறைந்தது ஒரு குரல் சத்தமும் ஒரு வருடத்துக்கு மேல் கூடிக் குறைந்து வந்துகொண்டிருந்தால்தான் டூரெட் என்போம். அக்காவின் மகனுக்குக் குரல் இரண்டு மாதமாகத்தான் என்றாலும், மூக்கு உறிஞ்சுவதும் கணக்கில் வரலாம். அதை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பெயருக்கு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கண்ணில் தொடங்கும், பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்ம வயது முடியும்போது பலருக்குக் குறையும். ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம். பரம்பரை பெரிய காரணம். பயத்தால் உண்டாவதில்லை. ஆனால் பயம், களைப்பு, பரீட்சை, அதிக சந்தோசம் எல்லாம் கூட்டும். திருநாளுக்கு முதல்நாள் கூடினால் பதற வேண்டாம்.

கெட்ட வார்த்தை வருவது பத்திலிருந்து பதினைந்து வீதமானவர்களுக்குத்தான். சினிமாக்காரர் புண்ணியத்தில் டூரெட் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. இழையைத் தொடங்கியவர் அந்தச் சிறுபான்மையில் மாட்டியது அவருடைய கெட்ட காலம்.

எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. பிள்ளைக்கு நோவோ பள்ளிக்கூடத்தில் பெரிய இடைஞ்சலோ இருந்தால் குளோனிடின், ரிஸ்பெரிடோன் போன்றவை கொடுப்பார்கள். நித்திரை வரும், சிலருக்கு உடம்பு வைக்கும். கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்தில்லாத பயிற்சியும் உண்டு. வெட்டு வருவதற்கு முன் ஒரு உந்தல் வரும், கழுத்தில் ஒரு இறுக்கம்போல. அதைப் பிள்ளை அடையாளம் காணப் பழகி, அந்த நேரம் எதிர்ப்புறமாக ஒரு சின்ன அசைவைச் செய்வது. தொண்டைச் சத்தத்துக்கு மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மனநலம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு திரும்பி வந்துவிடாதீர்கள், நிறையப் பேர் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். கவனக்குறைவோ, ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற குணமோ கூட இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். "இது பாவமா" என்று இரவிரவாகக் கேட்பது எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

ஒரேயொரு வேண்டுகோள்: வீட்டில் "செருமாதே" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

மல்லாவி_அம்மா:

ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவேன். இண்டையிலிருந்து இல்லை.

குருமட_முன்னாள்:

நான் குருமடத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன், இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கத்தோலிக்கப் பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பேயோட்டும் சடங்குக்கு எங்கள் திருச்சபையில் 1614 இலிருந்து எழுதி வைத்த முறை இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே உள்ள எச்சரிக்கை, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று இலகுவில் நம்பிவிடாதே என்பதுதான். 1999 இல் திருத்தி வெளியிட்டதிலும் நோய் வருத்தமா என்று முதலில் தெளிவாக்கச் சொல்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியில்லாமல் ஒரு குருவானவர்கூட அதைச் செய்ய முடியாது, திருச்சபைச் சட்டம் 1172. நாலு பேர் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

ஆனால் எங்கள் கையும் சுத்தமில்லை. 1480களில் சூனியக்காரரைப் பிடிப்பதற்கென்று ஐரோப்பாவில் அச்சடித்த ஒரு புத்தகத்தில் பொகீமியா நாட்டுக் குருவானவர் ஒருவரின் கதை வருகிறது. கோயிலைக் கடக்கும்போது மாதாவுக்கு முழங்காலிட்டால் அவருடைய நாக்கு வெளியே நீளுமாம். அடக்க முடியாதா என்று கேட்டதற்கு, என்னால் ஏலாது என்றாராம். பேய் என்று முடிவு கட்டி ரோமாபுரியில் ஓட்டினார்கள். அவருக்கு இருந்தது டூரெட்டாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் எழுதுகிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதரும் பாலைமரநிழலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள் பாருங்கள்.

இன்னொருவர், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை ஆடும், வாயில் விநோதமான சத்தம் வரும், நடுவில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் துண்டு துண்டான வரிகளை முணுமுணுப்பார் என்று கூட இருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்கும் டூரெட் என்றுதான் இன்று கருதுகிறார்கள். மிகுந்த பக்திமான்.

அக்கா, மகனுக்குச் சொல்லுங்கள்: சாவான பாவம் என்றால் முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்றுதான் மறைக்கல்வி படிப்பிக்கிறது. சம்மதமில்லாமல் வருகிற செருமல் அற்பப் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னால் பாதருக்கு நேரம்தான் வீண். தம்பியை அடித்தது, மாங்காய் களவெடுத்தது, அப்படி ஏதும் இருந்தால் அதைச் சொல்லட்டும்.

வற்றாப்பளை_வாசி:

நான் சைவக்காரன், இதில் மூக்கை நுழைக்கலாமா தெரியவில்லை. எங்கள் கோயிலில் இந்தப் பிரச்சினை இல்லை. பறை, உடுக்கு, சங்கு, சேமக்கலம் என்று போட்டு அடிக்கிற இடத்தில் உங்கள் "ஹப்" யாருக்குக் கேட்கப் போகிறது? சாதி மதம் பாராமல் வாருங்கள் :)

ஆனால் பகிடியை விட்டால், என் பெரியம்மாவின் மகளுக்கும் இதுதான் என்று இதை வாசிக்கும்போது படுகிறது. தலை வெட்டும், திடீரென்று கத்துவாள். அவளுக்கு உரு வருகிறது என்று சனம் குறி கேட்கத் தொடங்கிவிட்டது. முதலில் அவளுக்கும் பிடித்திருந்தது. பிறகு கலியாணம் பேசப் போன இடமெல்லாம் "சாமி வாற பொம்பிளை வேண்டாம்" என்று திரும்பி வந்தது. பேய் என்றாலும் சாமி என்றாலும் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க ஆளில்லை.

ஸ்காபரோ_சித்தப்பா:

பிள்ளையள், இங்கே கனடாவில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, பள்ளிக்கூடத்திலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கொட்லாந்தில் ஜோன் டேவிட்சன் என்று டூரெட் உள்ள ஒருவர், அவரைப் பற்றி 1989 இலேயே பிபிசியில் படம் போட்டார்கள். 2019 இல் அரசியாரின் விருது கிடைத்தது. விருது வாங்கப் போன இடத்தில் அரசியார் முன்னாலேயே கெட்ட வார்த்தை வந்துவிட்டதாம், மனுசி கண்ணைக்கூட வெட்டவில்லையாம். நீங்களும் வெளியே வரப் பாருங்கோ, அங்கே இருந்து என்ன செய்கிறீர்கள்.

பாலைமரநிழல்:

சித்தப்பா, அரசியார் கதை நல்லாயிருக்கிறது, நன்றி. விசா எடுத்துத் தாருங்கள், நாளைக்கே வருகிறேன். நேர்முகத்தில் அதிகாரி "ரிஜெக்டட்" என்றால் நானும் "ரிஜெக்டட்" என்பேன், அதுதான் பிரச்சினை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். எங்கள் சின்னக் கோயிலிலும் எல்லாம் இலகுவாக நடக்கவில்லை. ஆச்சிக்குக் காது கேட்காது, மற்றவர்களுக்குக் கேட்கும் அல்லவா. மூன்றாவது ஞாயிறு, பின்வாங்கில் இருந்த ஒரு அண்ணை என் சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து படுத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர். கடைசி நாட்களில் என்னென்ன கண்டாரோ. படுத்தவர் எழும்ப வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தார். என் வாழ்க்கையில் அந்தக் கெட்ட வார்த்தையைவிடக் கேவலமாக உணர்ந்தது அன்றைக்குத்தான். என்னை ஏற்றுக்கொண்டால் அவரை வெளியே தள்ளுவதாகுமே! பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டு, இனி வரவில்லை என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் பயமில்லைத் தம்பி. எங்கயிருந்து வருதெண்டு தெரியாததுதான் பயம். நான் பாக்கிற இடத்தில இரு." அதனால் இப்போது நான் இரண்டாம் வாங்கில், அவர் நாலாம் வாங்கில், என் பிடரியைப் பார்த்தபடி. தோள் குலுங்கினால் அடுத்தது "ஹப்" என்று அவருக்குத் தெரியும். எனக்கு வருவதற்கு முதலே அவர் தயார்.

அங்கே அரைவாசிப் பேருக்கு உடம்பில் ஏதோ ஒன்று குறைவு, அல்லது ஏதோ ஒரு துண்டு கூட. இரும்புத் துண்டு. அதனால்தான் என்னை இலகுவாக எடுத்துக்கொண்டார்களோ என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் விறாந்தையில் விட்ட கோயிலிலும் அதே சண்டையில் அடிபட்ட சனம்தான். எனவே அது மட்டும் காரணம் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே எனக்கு வேலை தந்தார்கள்.

நான் போன் திருத்துகிறவன். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற நேரம் என் கை ஆடாது, வாயும் மூடிவிடும். ஏன் என்று கேட்டால் தெரியாது, மனம் முழுக்க ஒன்றில் விழுந்தால் வெட்டு ஒதுங்கி நிற்கும். பாட்டுக்கும் அப்படித்தான். கோயிலின் மைக் செட் கரகரத்துக்கொண்டிருந்தது, திருத்தித் தருவியா என்று பாதர் கேட்டார். திருத்தினேன். பிறகு அதை இயக்குவதும் நான்தான் என்றானது. சத்தம் போடுகிறவனிடமே சத்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். எழுந்தேற்றத்தில் பாதரின் மைக்கைச் சரியான நேரத்தில் ஏற்றி இறக்க வேண்டும், மணி அடிக்கிற பையனைக் கவனிக்க வேண்டும். அந்த அமைதியில் எனக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. அதற்காக வெட்டு வராமல் இல்லை. பாதி நாள் வரும்.

போன வருடம் மன்றாட்டு வாசிக்கச் சொன்னார்கள். மூன்று தரம் மாட்டேன் என்றேன். நாலாம் தரம் வாசித்தேன். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சனம் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும், என் வெட்டு "கேட்டருளும்" என்று பின்னால் ஒருதரம் சொல்லும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆச்சி மட்டும் வீடு போகும்போது, "நீ கூட ஒருக்காச் சொன்னதால கட்டாயம் கேட்டிருக்கும்" என்றார். அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

சீயோன்_சாட்சி:

உங்களுக்கு நடந்தது தவறு. பிடித்து வைத்து ஜெபிப்பதை எங்கள் பாஸ்டரும் விரும்புவதில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பிழையாக எடுக்க வேண்டாம். அப்படியென்றால் உங்களுக்காக ஜெபிக்கவே கூடாதா? கர்த்தரால் குணமாக்க முடியாது என்கிறீர்களா?

பாலைமரநிழல்:

முடியாது என்று சொல்ல நான் யார் அண்ணா. ஜெபியுங்கள். ஆனால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று முதலில் என்னிடம் கேளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ, படி ஏற மாட்டார். கடைக்கு எடுத்த கடன் இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. எனக்குப் பெண் கிடைக்கவில்லை. இவ்வளவும் இருக்க, என்னைக் கண்ட எல்லோரும் என் கழுத்துக்காக மட்டும் ஜெபிக்கிறார்கள். குருடனாய்ப் பிறந்தவனைக் கண்டதும் சீடர்கள் முதலில் கேட்டது யார் செய்த பாவம் என்றுதானே? இவனும் இல்லை, இவனுடைய பெற்றோரும் இல்லை என்றார் இயேசு. அந்த இடத்தையும் மாற்கு ஒன்பதோடு சேர்த்து வாசியுங்கள்.

சீயோன்_சாட்சி:

அம்மாவின் முழங்காலுக்காக இன்றிரவு ஜெபிக்கிறேன். (மற்றதை யோசிக்க வேண்டும்.)

மட்டுறுத்துநர்:

இரண்டு பதில்கள் நீக்கப்பட்டன. சபைகளின் பெயரைச் சொல்லி ஏசுவதற்கு இது இடமில்லை. இழை திறந்தே இருக்கும்.

மல்லாவி_அம்மா:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். சிஸ்டரிடம் போனேன். வெள்ளைச்சட்டை எழுதியதை ஒரு கடதாசியில் பார்த்தெழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம் அவரே சொன்னாராம்: "இவருக்குத் தொண்டையில ஒரு தும்மல் மாதிரி வரும், அது அவர் செய்யிறதில்லை, இனி ஒருத்தரும் அதைக் காட்டக் கூடாது." தும்மல் இல்லை சிஸ்டர் என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். இப்போதைக்கு அது போதும். செருமிக் காட்டின பெடியனில் ஒருவன் இப்போது இவனோடு சைக்கிளில் திரிகிறான். மற்றவன் இன்னும் காட்டுகிறானாம்.

இந்த வருடமே முதல் நன்மை. நாக்கில் வாங்கும்போது தலை வெட்டினால் நற்கருணை விழுந்துவிடுமோ என்று பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. கையில் வாங்கலாம் என்று பாதர் சொல்லிவிட்டார். வீட்டில் பிஸ்கட் துண்டை வைத்துப் பழக்குகிறோம், பாதியை இவனும் மீதியைத் தங்கச்சியும் தின்று முடிக்கிறார்கள். மெழுகுதிரிதான் பிரச்சினை. கை குலுங்கினால் முன்னால் நிற்கிற பிள்ளையின் முக்காட்டில் பிடித்துவிடும். வரிசையில் கடைசியாக விடச் சொல்லிக் கேட்கவா, பேசாமல் திரி இல்லாமல் போகவா?

பாலைமரநிழல்:

கடைசி வேண்டாம் அக்கா. முன்வரிசையில் முதல் ஆளாக நிற்பாட்டச் சொல்லுங்கள். அவனுக்கு முன்னால் முக்காடே இருக்காது.

மல்லாவி_அம்மா:

அட, அது எனக்குப் படவில்லை. கேட்கிறேன். தம்பி, நீங்களும் அன்றைக்கு வாங்கோவன். இவன் உங்களைப் பார்க்க வேண்டுமாம், "ஹப் அண்ணா" என்று பெயரும் வைத்துவிட்டான். பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு.

பாலைமரநிழல்:

வருகிறேன் அக்கா. ஆச்சியும் வருவாவாம், கேட்டுப் பார்த்தேன். உங்கள் கோயிலில் மைக் செட் எப்படி, கரகரக்குமா?

மல்லாவி_அம்மா:

கரகரக்கும். கொண்டு வாறதைக் கொண்டு வாங்கோ.